மூணேகால் பேயும் நான் வெட்டாத காட்சியும்

எங்கள் படத்தில் பேய் பட்டப்பகலில் வரும். சரியாகச் சொன்னால் பிற்பகல் மூணேகால் மணிக்கு. பேய் என்றால் இரவில்தான் வர வேண்டும் என்ற வழக்கத்தை உடைக்கவேண்டும் என்றெல்லாம் நாங்கள் யோசிக்கவில்லை. பேயாக நடித்த அக்கா நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர வேண்டும். அதனால் பகலில் எடுத்தோம். பல வருடம் கழித்து ஒரு கல்லூரி அரங்கில் மாணவர்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, இது இன்றைக்கும் பயமுறுத்துகிறதா என்று விவாதித்தார்கள். நான் கடைசி வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் எப்படி உருவானது என்பதிலிருந்து சொன்னால்தான் அந்தப் பதற்றம் புரியும்.

2006-ல் நான் குழித்துறையில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிகிரி முடித்து, ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்த கையோடு கிடைத்த வேலை. ஒரு கல்யாணத்துக்கு நாலைந்து கேசட் வரும். அதை வெட்டி ஒட்டி இரண்டு மணி நேரமாக்க வேண்டும். தாலி கட்டும்போது திரை முழுக்க ரோஜா இதழ்கள் விழவேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு இதயத்துக்குள்ளிருந்து வெளியே வரவேண்டும். மாடியில் ஜன்னலில்லாத சின்ன அறை. நாள் முழுக்க நான் யார் யாருடைய கல்யாணத்தையோ பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஸ்டுடியோ அண்ணனுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். அவருடைய நண்பர் ஒருவர் வளைகுடாவில் இருந்தார். அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் அவருக்கு ஒரு பழைய ஓட்டு வீடு, சாவி அண்ணனிடம். ஒருநாள் மத்தியானம் அண்ணன் மாடியேறி வந்து சாவிக்கொத்தை என் மேசையில் வைத்தார்.

"பிள்ளே, வீடு இருக்கு. கேமரா இருக்கு. வெட்ட நீ இருக்க. நாம ஒரு பேய்ப்படம் எடுத்தா என்ன?"

"கதை வேணுமே அண்ணா."

"அது பைய வரும்."

மெதுவாகத்தான் வந்தது. தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வருகிறான். ரப்பரில் பால்வெட்டு விடியற்காலையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே ஓர் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு பெண் தூரத்தில் மரவரிசைகளுக்கு இடையே நிற்பதைப் பார்க்கிறான். மறுநாள் அதே நேரம் அவள் ஒரு வரிசை நெருங்கி நிற்கிறாள். அடுத்த நாள் இன்னும் ஒரு வரிசை. அவள் நடந்து வருவதை அவன் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. வீட்டு வாசலுக்கும் அவளுக்கும் இடையே எத்தனை வரிசை மிச்சமிருக்கிறது என்று எண்ணத் தொடங்குகிறான். கதை இவ்வளவுதான். அண்ணன் இதற்குள் ஒரு காதலியையும் ஒரு பாட்டையும் ஒரு மந்திரவாதியையும் நுழைத்தார். அது வேறு விஷயம்.

பேயாக நடிக்க ஒத்துக்கொண்டிருந்த பெண்ணை வீட்டில் விடவில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை பேயாக நடித்தால் யார் கட்டுவார்கள் என்று அவளுடைய அம்மா ஸ்டுடியோவுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு கேசட் ஞாபகம் வந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் மாதா கோயில் திருவிழாவுக்குப் பெண்கள் சேர்ந்து போட்ட நாடகம். அண்ணன் படம் பிடிக்க, நான் எடிட் செய்தது. அதில் சாத்தானாக வந்த அக்காவின் முகம் வாரக்கணக்கில் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கொம்பும் சிவப்புத் துணியும் வைத்திருந்தார்கள், அதெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் அவர் சும்மா நின்று பார்க்கும்போது சிரிப்பு வராது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் குழித்துறைச் சந்தைக்கு மீன் கொண்டுவருகிறவர் அவர். நாற்பது வயதிருக்கும். நானும் அண்ணனும் போய் நின்றபோது அயிலைச் சட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பேயாட்டா?" என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்க மூஞ்சி அப்படியா ஏட்டி இருக்கு?"

நான் பதறிப்போய் நாடகத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமான சிரிப்பு.

"சாத்தானாட்டு நிக்கியவளுக்குப் பேயாட்டு நிக்கியதா கஷ்டம்? சந்தை கழிஞ்சு வாறேன். ஆனா நாலரை பஸ்சுக்கு என்னைக் கொண்டு விடணும்."

அண்ணன் கதையைச் சொல்லி, பஸ்ஸைக் கணக்குப் பார்த்து, பேய் வருவது மூன்று மணிக்கு என்றார். அக்காவின் முகம் மாறியது.

"மூணு மணி ஆண்டவரு மரிச்ச நேரமாக்கும். அந்நேரம் நான் செபம் சொல்லுவேன். பேயாட்டு நிக்க மாட்டேன்."

"அப்பம் எப்பம் நிப்பிய?"

"செபம் முடியட்டு. மூணேகாலுக்கு நிக்கேன்."

அப்படித்தான் படத்தில் வரும் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை மூணேகாலுக்கு நகர்த்தினோம். படத்தின் உண்மையான பெயர் இன்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் அது மூணேகால் பேய்தான்.

ஆகஸ்ட் மாதம் எடுத்தோம். நான் கிளாப் அடிக்கவும் காட்சிகளைக் குறித்துவைக்கவும் கூடப் போனேன். அண்ணன் ஒரு வெள்ளைச் சேலையும் முழங்கால் வரை தொங்கும் சவுரியும் ஒரு டப்பா பவுடரும் வாங்கி வைத்திருந்தார். அக்கா மூன்றையும் ஒதுக்கித் தள்ளினார்.

"வெள்ளச் சேல கெட்டி நின்னா தூரத்திலயே தெரியும், பேயின்னு. தெரிஞ்ச பிறவு என்ன பேடி?"

பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு உடனே பிடித்தது, அண்ணனுக்குப் பிடிக்க ஒரு நாள் ஆனது. சந்தைக்குக் கட்டி வந்த அதே கட்டம்போட்ட சேலை, எண்ணெய் தேய்த்து இறுக்கிக் கட்டிய கொண்டை. செபம் முடித்து, சிலுவை போட்டுக்கொண்டு, நேராக நடந்துபோய் இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றார். கையை எங்கே வைப்பது, எப்படி முறைப்பது என்று ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அவரைத் தெரியும், அவர் கொண்டுவந்த மீனைத் தின்றிருக்கிறேன், இருந்தும் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அந்த மாதத்தில் ரப்பர் காய்கள் வெயிலில் வெடிக்கும். 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு விதை சருகில் விழுகிற சத்தம். எங்கே எப்போது வெடிக்கும் என்று சொல்லமுடியாது. கடைசிக் காட்சியில், சூப்பர்வைசர் கதவைத் திறக்கிறான், அவள் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறாள். அண்ணன் கேமராவை ஓடவிட்டுவிட்டு நிறுத்த மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அக்கா நின்றுகொண்டே இருந்தார். திடீரென்று அவர் காதுக்குப் பக்கத்தில் ஒரு காய் வெடித்தது. நாங்கள் எல்லோரும் துள்ளினோம். அவருடைய இமை அசையவில்லை.

எடிட்டிங் மேசையில் அந்தக் காட்சிதான் எங்களுக்குள் சண்டை மூட்டியது. அண்ணன் அதை மூன்று துண்டாக வெட்டச் சொன்னார். தூரம், நடு, முகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடி. முகத்துக்குச் சிவப்பு நிறம். நான் அவர் சொன்னபடியே செய்தேன். பிறகு அவர் சாப்பிடப் போன நேரத்தில் என் விருப்பப்படி இன்னொன்று செய்தேன். என் விருப்பம் என்றால், ஒன்றும் செய்யாமல் விட்டது. பதினோரு செகண்ட், ஒரே ஷாட். பின்னணி இசையையும் எடுத்துவிட்டேன். காற்று, சருகு, அந்தக் காய் வெடிக்கும் சத்தம் மட்டும்.

அண்ணன் வந்து பார்த்தார். "என்ன பிள்ளே இது, கேமரா நின்னு போச்சுன்னு நினைப்பாவ. ஒண்ணுமே நடக்கல்லியே."

"ஒண்ணும் நடக்காததுதான் அண்ணா பயம்."

அப்படி நான் அவரிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. பக்கத்துத் தையல்கடைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னார். மனிதர் கையில் ஒரு சட்டையோடு வந்து, பட்டன் தைத்துக்கொண்டே பார்த்தார். இடி மின்னல் உள்ளதைப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். ஊசி நிற்கவே இல்லை. என்னுடையதைப் போட்டேன். ஊசி பாதித் துளையில் நின்றுவிட்டது. காட்சி முடிந்த பிறகும் அவர் தைக்கத் தொடங்கவில்லை.

"அவ என்னத்துக்குப் பேசாம நிக்குகா?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "உனக்குள்ளதே இருக்கட்டு," என்றார். கீழே இறங்கிப் போனார். அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு திரும்பியபோது, கூட்டத்தில் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. சொல்ல ஆளில்லை.

டைட்டில் அடித்ததும் நான்தான். படத்தொகுப்பு என்ற இடம் வந்ததும் என் பெயரை அடித்தேன், பார்த்தேன், அழித்தேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேயாக நடிக்க முதலில் ஒத்துக்கொண்ட பெண்ணின் அம்மா கேட்ட கேள்வி காதில் இருந்தது. அந்த இடத்தில் ஸ்டுடியோவின் பெயரைப் போட்டேன். அண்ணன் கேட்டதற்கு, "இருக்கட்டும் அண்ணா" என்றேன்.

படத்தை சி.டி. போட்டு விற்றோம். லோக்கல் கேபிளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டினார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அது தானாக நடமாடத் தொடங்கியது. கல்லூரிப் பையன்கள் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். செல்போன் மெமரி கார்டுகளில் ஏறியது. பிறகு யாரோ இணையத்தில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம் பிள்ளைகள், "மக்கா, மூணேகால் ஆவப் போவுது, ரப்பர் வழியா போவாதே" என்று பேசிக்கொள்வதைப் பேருந்தில் என் காதாலேயே கேட்டேன். மீன்கார அக்காவிடம் சந்தையில் சின்னப்பிள்ளைகள் வந்து, "ஒருக்கா பாருங்க, ஒருக்கா பாருங்க" என்று கெஞ்சுவார்கள். அவர் பார்ப்பார். கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பிள்ளைகளின் அம்மாமார் நின்று மீன் வாங்கிப் போவார்கள்.

எனக்கு அஞ்சுகிராமத்தில் கல்யாணம் ஆயிற்று. மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு வந்துவிட்டேன். இங்கே ரப்பர் கிடையாது, வயலும் காற்றாலையும்தான். வீட்டிலேயே ஒரு அறையில் கம்ப்யூட்டர் வைத்து, கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். ஸ்டுடியோ அண்ணனும் கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார், அங்கேயும் கேமரா வேலைதான். 2016 வாக்கில் அவரிடமிருந்து போன் வந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் படத்தைப் போடுகிறார்களாம், பேசக் கூப்பிடுகிறார்களாம்.

"எனக்கு வர முடியாது. நீயும் அக்காவும் போங்க. சிரிப்பாவ, அதுக்கு மனசைத் திடமாக்கிட்டுப் போ," என்றார்.

அக்கா தேய்த்து மடித்த சேலையில், கழுத்தில் செபமாலையோடு வந்திருந்தார். அவரை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். என்னை யாரென்று கேட்ட ஒரு பையனிடம் அக்காவோடு வந்தேன் என்று சொன்னேன். கடைசி வரிசையில் இடம் காட்டினான்.

அண்ணன் சொன்னது சரி. சிரித்தார்கள். கதாநாயகன் வாய் அசைப்பதற்கும் குரல் வருவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. நடிகர் ஒரு செல்போன் கடைக்காரர், நடுவில் ஆவணி மாத நடைதிறப்புக்காகச் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். அதனால் வழுவழுப்பான முகத்தோடு கதவைத் திறந்து உள்ளே போகிறவன் தாடியோடு வெளியே வருவான். அதற்கு அரங்கமே கைதட்டியது. மந்திரவாதி வந்தபோது விசிலடித்தார்கள். பாட்டின் முடிவில் ரோஜா இதழ்கள் விழுந்தன. அதைப் போட்டது நான். ஒரு வருட காலம் கல்யாணத்துக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை, பேய்ப்படத்திலும் போட்டுவிட்டது. எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஆனால் மரவரிசைகள் வரத் தொடங்கியதும் சிரிப்பு மெலிந்தது. முதல் நாள் அவளை யாரும் கவனிக்கவே இல்லை, அவ்வளவு தூரம். இரண்டாம் நாள் யாரோ, "ஏலே, அங்க" என்றான். பிறகு அவர்களே எண்ணத் தொடங்கினார்கள், நாலு, மூணு, என்று. இரண்டாவது வரிசையில் அவள் வந்து நின்றபோது எண்ணுகிற சத்தம் இல்லை. கடைசிக் காட்சி வந்தது. கதவு திறந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்துக்கொண்டாள். ஐந்து, ஆறு, ஏழு. ஒரு இருமல்கூட இல்லை. ஒன்பதாவது செகண்டில் காய் வெடித்தது. அரங்கம் முழுவதும் ஒரே உடம்புபோலத் துள்ளியது.

விளக்கு போட்ட பிறகு ஒரு மாணவி மேடையேறிப் பேசினாள். கறாரான பெண். முதல் அரை மணி நேரத்தை இன்று யாரும் பார்க்க முடியாது என்றாள். காதலியை எடுத்துவிட்டால் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றாள். ஒன்றையும் என்னால் மறுக்க முடியவில்லை. "ஆனா அந்த மர வரிசை இன்னைக்கும் நிக்குது. கடைசி ஷாட்டை நான் போன்ல நிறைய தடவை பாத்திருக்கேன். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அதை வேணும்னே வெட்டாம விட்டாங்களா, இல்ல எடிட்டிங் தெரியாம அப்படியே விட்டுட்டாங்களா?"

எனக்குக் காது சூடாகியது. யார் பதில் சொல்வது என்று எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா எழுந்து திரும்பி, மாலையோடு, கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏட்டி, எழும்பு. அவளாக்கும் வெட்டினவ. அவகிட்ட கேளு."

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"வேணும்னேதான் விட்டேன். நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுறவ. கேமராவைக் கண்டா எல்லாரும் ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கிடுவாங்க. அஞ்சு செகண்ட் அது நிக்கும். அதுக்குப் பிறகு கழண்டு விழும், உள்ள இருக்கிற முகம் வெளிய வரும். பொண்ணோட அப்பாவுக்கு வரும், மாப்பிள்ளைக்கு வரும், எல்லாருக்கும் வரும். ஆயிரம் முகத்துல நான் அதைப் பாத்திருக்கேன். அக்காவுக்கு மட்டும் வரல்ல. பதினோரு செகண்டும் ஒரே முகம். எங்க வெட்டினாலும் அது போயிரும். அதான் வெட்டல்ல."

கைதட்டலை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மாணவி மேடையில் நின்றபடியே ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு அக்காவைக் கேட்டாள், நிற்கும்போது மனதில் என்ன நினைத்தீர்கள் என்று.

"ஒண்ணும் நினைக்கல்ல மக்களே. மீனைக் கிண்டிக் கிண்டிப் பாத்து, செவிளை எல்லாம் பொளந்து பாத்து, வாங்காம போறவளை எப்படிப் பாப்பேனோ, அப்படிப் பாத்தேன்."

அதற்கு அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், "சிரிச்சாவளா?" என்றார்.

"ஒருபாடு சிரிச்சாங்க அண்ணா. தாடிக்குக் கைதட்டினாங்க."

"கடைசியில?"

"ஒருத்தரும் சிரிக்கல்ல."

"அது உனக்க வேலையாக்கும் பிள்ளே. நான் அண்ணைக்கே சொல்லியிருக்கணும்," என்றார். பேருந்து நிலையத்தில் அத்தனை பேருக்கு நடுவில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன். அக்கா கடலை வாங்கிக் கொண்டுவந்தவர், "என்னட்டி, பேய் பிடிச்சா?" என்றார்.

என் கணவர் அதுவரை படத்தைப் பார்த்ததில்லை. விவசாய ஆபீசில் வேலை, கணக்கான மனிதர், பேய்ப்படமெல்லாம் பிள்ளைகள் பார்ப்பது என்பார். நான் கல்லூரியில் நடந்ததைச் சொன்ன பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "சரி, போடு பாப்போம்," என்றார். நான் போட்டுவிட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கடைசியில் காய் வெடிக்கும் சத்தம் வந்தது, கூடவே நாற்காலி தரையில் உரசிய சத்தமும்.

கொஞ்ச நேரத்தில் அடுக்களைக்கு வந்தார். என்னைத் தாண்டிப் போய்ப் பின்வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"எதுக்குச் சாத்துறீங்க?"

"காத்தடிக்குல்லா," என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயலுக்கு அப்பால் காற்றாலை ஒன்றுகூடச் சுற்றவில்லை. தட்டைத் துடைத்து அடுக்கினேன். எனக்கு அன்று முழுவதும் ஒரே சந்தோஷம்.